ஒரே வயலில் இறங்கிய இரு நிறுவனங்கள்: பாயான் லெப்பாஸ் வழியே இன்டெல், ஏஎம்டி வளர்ச்சி ஒப்பீடு

தொழில்நுட்பப் பெருநிறுவனங்களின் வளர்ச்சியை ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் பங்குச்சந்தை மதிப்பு, ஆண்டு வருவாய், விற்பனையில் கைப்பற்றிய பங்கு ஆகிய மூன்று அளவுகோல்களோடு நின்றுவிடுகின்றன. முதலீட்டாளருக்கு இவை போதும். ஆனால் அந்நிறுவனங்கள் ஆலை அமைத்த ஊர்களிலும், அந்த ஆலைகளை நம்பி வாழ்ந்த குடும்பங்களிலும் அதே வளர்ச்சி என்ன செய்தது என்பதை இந்த அளவுகோல்கள் காட்டுவதில்லை. கணினியின் மூளை எனத்தக்க நுண்செயலியை உருவாக்குவதில் அரை நூற்றாண்டாகப் போட்டியிட்டு வரும் இன்டெல், ஏஎம்டி என்னும் இரண்டு அமெரிக்க நிறுவனங்களும் 1972ஆம் ஆண்டில் பினாங்குத் தீவின் தென்கிழக்கிலுள்ள பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்பேட்டைக்குள் வந்திறங்கின என்பதால், விடுபட்டுப்போன அந்த அளவுகோலையும் சேர்த்து அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் அரிய வாய்ப்பு இங்கே அமைந்திருக்கிறது. ஆண்டும் ஒன்று, ஊரும் ஒன்று, வந்த நோக்கமும் ஒன்று. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இரண்டும் நிற்கும் இடங்கள் வெவ்வேறு. நிறுவனத்தின் ஏற்ற இறக்கமும் ஊரின் ஏற்ற இறக்கமும் ஒரே கோட்டில் செல்வதில்லை என்பது இந்த ஒப்பீட்டில் மீண்டும் மீண்டும் தெரியவரும்.

இரண்டு நிறுவனங்களும் ஒரே வீட்டிலிருந்து பிரிந்து வந்தவை. கலிபோர்னியாவின் ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் நிறுவனத்தை விட்டு விலகிய ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் இருவரும் 1968 ஜூலையில் இன்டெல்லைத் தொடங்கினர். அதே ஃபேர்சைல்டில் விற்பனைப் பிரிவில் உயர்பதவி வகித்த ஜெர்ரி சாண்டர்ஸ், ஏழு சகாக்களைச் சேர்த்துக்கொண்டு 1969 மே முதல் நாளன்று ஏஎம்டியைத் தொடங்கினார். நாய்ஸ் ஒருங்கிணைந்த மின்சுற்றைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். ஒரே சில்லில் அடக்கத்தக்க மின்னணுப் பகுதிகளின் எண்ணிக்கை குறித்த காலத்துக்கொருமுறை இரட்டிப்பாகும் என்று 1965இல் கணித்துச் சொன்னவர் மூர். இத்தகைய அறிவியலாளர்களை நம்பிப் பணம் போட முதலீட்டாளர்கள் தயங்கவில்லை. விற்பனைத் துறையிலிருந்து வந்த சாண்டர்ஸோ முதல் திரட்டவே அலைய வேண்டியிருந்தது. எனவே இன்டெல் புதியன கண்டுபிடிக்கும் நிறுவனமாகவும், ஏஎம்டி பிறர் வடிவமைத்த சில்லுகளை இன்னும் தரமாகச் செய்துகொடுக்கும் மாற்று உற்பத்தியாளராகவும் தொடங்கின. தொடக்கத்தில் விழுந்த இந்த வேறுபாட்டின் நிழல் இன்றளவும் அவற்றின் மீது படிந்திருக்கிறது.

ஃபேர்சைல்டிலிருந்து இரண்டும் எடுத்து வந்த பாடம் ஒன்றுண்டு. சில்லு செய்யும் தொழில் இரண்டு பாதிகளைக் கொண்டது. மின்சாரத்தை முழுதும் கடத்தாமலும் முழுதும் தடுக்காமலும் நிற்கும் சிலிக்கான் போன்ற குறைக்கடத்திப் பொருளை வட்டத் தகடாக அரிந்து, அதன்மேல் ஒளியும் வேதிப்பொருளும் கொண்டு மின்சுற்றுகளைப் பொறிப்பது முதற்பாதி. அந்தத் தகட்டைச் சிறு சில்லுகளாக வெட்டி, வெளியுலகோடு இணைக்கும் கால்களைப் பொருத்தி, உறையிட்டு, ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்ப்பது பிற்பாதி. முன்னதற்குப் பெருமுதலும் தூசியற்ற கூடங்களும் தேவை. பின்னதற்கு அக்காலத்தில் தேவைப்பட்டவை பொறுமையான கண்களும் நடுங்காத விரல்களும். இந்தப் பிற்பாதியை மட்டும் பிரித்தெடுத்துக் கூலி குறைந்த ஆசிய நகரம் ஒன்றுக்கு அனுப்பலாம் என்பதை 1960களின் முற்பகுதியிலேயே ஹாங்காங்கில் ஆலை வைத்து ஃபேர்சைல்ட் காட்டியிருந்தது. எடை குறைவாகவும் விலை மிகுதியாகவும் உள்ள சில்லு விமானக் கட்டணத்தைத் தாங்கும். அதனால்தான் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே நிலம் வைத்திருந்த பாயான் லெப்பாஸ் இந்த நிறுவனங்களின் கண்ணில் பட்டது.

நெல்வயல் தொழிற்பேட்டையான கதை

பிரான்சிஸ் லைட் 1786இல் கால் வைத்த நாள்தொட்டுப் பினாங்கு பிழைத்தது தீர்வையற்ற துறைமுகமாக. தொங்கான்களில் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள், கிடங்குகளில் மூட்டை சுமந்தவர்கள், கடற்கரைத் தெருவின் வணிக நிலையங்களில் கணக்கெழுதியவர்கள் எனத் தமிழர் பலரின் அடுப்பும் அந்தத் துறைமுகத்தை நம்பியே எரிந்தது. 1969இல் அந்தச் சலுகை பறிபோனபோது ஜார்ஜ் டவுன் திடீரென வேலையற்ற நகரமானது. வேலையின்மை பதினைந்து விழுக்காட்டை ஒட்டி நின்றது. அதே காலத்தில், குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெற்றாக வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்ததால், சிவப்பு அடையாள அட்டையோடு தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்து தமிழகத்துக்குக் கப்பலேறினர். பாயான் லெப்பாஸின் வரலாற்றை எழுதுவோர் வேலையின்மைக் கணக்கை மட்டும் குறிப்பிட்டுவிட்டு இந்தப் பெயர்வைத் தொடாமல் கடந்துவிடுகின்றனர். ஒரு தொழிற்பேட்டை யாரை உள்ளே அழைத்தது என்று கேட்கும்போது, அது திறப்பதற்கு முன்பே யார் நாட்டை விட்டுப் போக நேர்ந்தது என்பதையும் கேட்டே ஆகவேண்டும்.

1969 தேர்தலில் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூ அதே ஆண்டில் பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை நிறுவினார். அமெரிக்க ஆலோசனை நிறுவனமான நாதன் குழுமம் 1970இல் அளித்த அறிக்கை, துறைமுகத்தை மீட்கும் முயற்சியைக் கைவிட்டு ஏற்றுமதித் தொழிலுக்கும் சுற்றுலாவுக்கும் மாறும்படி பரிந்துரைத்தது. 1971இல் மலேசிய நாடாளுமன்றம் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டத்தை நிறைவேற்றியது. வட்டாரத்துக்குள் வரும் மூலப்பொருளுக்கும் வெளியே செல்லும் உற்பத்திப் பொருளுக்கும் சுங்கத் தீர்வை இல்லை என்பது இச்சட்டத்தின் சாரம். முன்னோடித் தொழில் என்ற தகுதி பெற்ற நிறுவனங்களுக்குப் பல ஆண்டுகள் வருமான வரி விலக்கும் தனியே கிடைத்தது. அதுவரை நெல் விளைந்த தாழ்நிலம் மேடாக்கப்பட்டது. 1972இல் நேஷனல் செமிகண்டக்டர், இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், லிட்ரோனிக்ஸ், ஹிட்டாச்சி, கிளாரியன், ராபர்ட் போஷ் ஆகியவை அடுத்தடுத்து அடியெடுத்து வைத்தன. பினாங்கில் இவற்றை இன்றும் எட்டு சாமுராய்கள் என்றே சொல்கிறார்கள். முதலமைச்சர் பெயரைத் தாங்கிய கடலோர விரைவுச்சாலையில்தான் இப்போது ஆலைப் பேருந்துகள் பாயான் லெப்பாஸுக்கு ஓடுகின்றன.

இன்டெல்லுக்குப் பாயான் லெப்பாஸ் ஆலைதான் அமெரிக்காவுக்கு வெளியே அமைந்த முதல் ஆலை. ஐந்து ஏக்கர் நிலத்தில், ஏறக்குறைய ஆயிரம் பேரோடு தொடங்கியது. 1975இல் தீவிபத்தில் அது அழிந்தபோது, நிறுவனம் ஊரைவிட்டுப் போகாமல் மீண்டும் அங்கேயே கட்டியது. நான்கு ஆண்டுகூட நிறையாத ஓர் ஆலை எரிந்த பிறகும் அதே இடத்தில் திரும்ப எழுந்தது என்றால், அதற்குள்ளாகவே அந்நிறுவனத்தின் விநியோகச் சங்கிலியில் பாயான் லெப்பாஸ் விலக்க முடியாத கண்ணியாகிவிட்டது என்றுதான் பொருள் கொள்ள வேண்டும்.

அந்தக் காலத்துப் பொருத்தல் கூடத்தின் வேலையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். வரிசையாக அமர்ந்த பெண்கள் உருப்பெருக்கியில் கண்ணைப் பதித்தபடி, விரல்நகத்தைவிடச் சிறிய சில்லின் ஓரத்திலிருந்து வெளிச்சட்டத்தின் ஒவ்வொரு காலுக்கும் தலைமயிரைவிட மெல்லிய தங்க இழையை ஒட்டினார்கள். இழையின் நுனியை உருக்கிச் சிறு குண்டாகத் திரட்டி, சூட்டோடு அழுத்தினால் அது சில்லைப் பற்றிக்கொள்ளும். பின்பு இழையை வில்லாக வளைத்து எதிர்முனையில் பதித்து அறுத்துவிட வேண்டும். கை சற்று இழுத்தால் இழை அறும். சற்றுத் தளர்த்தினால் பக்கத்து இழையில் போய் உராயும். ஒரு சில்லுக்கு இத்தனை கால் என்றால் அத்தனை முறை இதே வேலை. ஒரு ஷிப்டுக்கு இத்தனை சில்லு என்று கணக்கும் உண்டு. இந்த வேலைக்குக் கெடாவின் கம்போங்குகளிலிருந்து மலாய்ப் பெண்களும், நகரத்துச் சீனப் பெண்களும், செபராங் பிறையின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ்ப் பெண்களும் வந்தனர். 1985இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை பெருநிலத்தில் குடியிருந்தோர் ஃபெரி ஏறியே தீவுக்கு வர முடிந்தது. விடியுமுன் பால்மரம் வெட்டப் போன தாயின் மகள், அதே விடியலில் ஆலைப் பேருந்துக்குக் காத்து நின்றாள். சொந்தக் கையில் மாதச் சம்பளம் வாங்கிய அந்தத் தலைமுறைப் பெண்களை 'மினா காரான்', அதாவது மின்சாரப் பெண், என்று ஏளனமாக அழைக்கும் வழக்கும் அப்போது கிளம்பியது. இரண்டு பெருநிறுவனங்களின் முதற்கட்ட வளர்ச்சியில் இந்தப் பெண்களின் கண்பார்வைக்குப் பங்குண்டு என்பது எந்த ஆண்டறிக்கையிலும் தனி வரியாக வந்ததில்லை.

எட்டில் மற்ற ஆறின் கதை விரிவானது. இங்குச் சுருங்கச் சொன்னால் போதும். ஹியூலெட் பேக்கார்ட்டின் கிளை 1999இல் அஜிலென்ட் ஆகவும், அதிலிருந்து 2005இல் அவாகோ ஆகவும் பிரிந்து, 2016இல் பிராட்காம் நிறுவனத்தை வாங்கி அதன் பெயரையே சூடிக்கொண்டது. அதன் தலைவர் ஹாக் டான் பினாங்கில் பிறந்தவர். நேஷனல் செமிகண்டக்டரும் லிட்ரோனிக்ஸும் கைமாறிக் கைமாறிப் பெயரிழந்தன. போஷ் அதே பெயரில் நிற்கிறது.

மாற்று உற்பத்தியாளர் எதிராளியானது

இன்டெல்லும் ஏஎம்டியும் முதலில் பகைவர்களாக இருக்கவில்லை. 1981இல் ஐபிஎம் தன் தனிக்கணினிக்கு இன்டெல்லின் 8088 நுண்செயலியைத் தேர்ந்தெடுத்தபோது, ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க விரும்பாமல் இரண்டாவது உற்பத்தியாளர் ஒருவரும் வேண்டுமென்று வற்புறுத்தியது. அதன் விளைவாக 1982இல் இரண்டும் தொழில்நுட்பப் பரிமாற்ற ஒப்பந்தம் செய்துகொண்டன. எக்ஸ்86 என்று வழங்கும் கட்டளைத் தொகுதி, அதாவது மென்பொருள் நுண்செயலிக்கு ஏவும் மொழி, இவ்வாறு இரண்டு நிறுவனங்களுக்கும் பொதுச்சொத்தானது. தனிக்கணினி உலகெங்கும் பரவப் பரவ அந்த மொழியில் எழுதப்பட்ட மென்பொருள் குவிந்தது. குவிந்த மென்பொருளுக்காகவே அடுத்த கணினியும் அதே மொழி பேச வேண்டியதாயிற்று. மூன்றாவது நிறுவனம் எளிதில் உள்ளே நுழைய முடியாதபடி எழுந்த மதில் இது.

மதிலுக்குள் இருவர் இருப்பதை இன்டெல் நெடுநாள் பொறுக்கவில்லை. ஜப்பானியப் போட்டியால் 1985இல் நினைவகச் சில்லுத் தொழிலையே கைவிட நேர்ந்த அந்நிறுவனம், எஞ்சிய ஒரே செல்வமான நுண்செயலியைப் பங்கிட மறுத்து, அதே ஆண்டு வெளியிட்ட 386 சில்லின் வடிவமைப்பை ஏஎம்டிக்குத் தரவில்லை. வழக்கு 1987இல் நடுவர் மன்றத்துக்குப் போய், கலிபோர்னிய உச்சநீதிமன்றம் வரை ஏறி, 1995இல் உடன்பாட்டில் முடிந்தது. வழக்கு நடந்த அந்த ஆண்டுகள்தான் ஏஎம்டியை உருவாக்கின என்று கூறலாம். படி எடுத்தவர் சொந்தமாக எழுதக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. 1991இல் தானே செய்த 386 இணையைச் சந்தைக்குக் கொண்டுவந்த அந்நிறுவனம், 1999இல் ஏத்லன் என்னும் முற்றிலும் தன் வடிவமைப்பான நுண்செயலியையும், 2003இல் ஆப்டெரான் என்னும் வழங்கிக் கணினிச் செயலியையும் வெளியிட்டது. வழங்கி என்பது பல கணினிகளுக்குத் தரவும் சேவையும் அளிக்கும் நடுவக் கணினி. எக்ஸ்86 மொழியை 64 பிட்டுகளுக்கு விரித்தவர் ஆப்டெரானைச் செய்தவரே. வேறொரு மொழியில் இட்டானியம் என்ற சில்லைச் செய்து பெரும்பணம் செலவிட்ட இன்டெல், 2004இல் எதிராளியின் விரிவாக்கத்தைத் தன் சில்லுகளிலும் ஏற்றுக்கொள்ள நேர்ந்தது. போட்டி வரலாற்றில் இதைவிடப் பெரிய ஒப்புதல் வேறில்லை.

ஆயினும் திறமை விற்பனையாக மாறவில்லை. 2000ஆம் ஆண்டில் இன்டெல்லின் வருவாய் ஏறக்குறைய 33.7 பில்லியன் அமெரிக்க டாலர். ஏஎம்டியின் வருவாய் 4.6 பில்லியன். பதினைந்து ஆண்டுக்குப் பின், 2015இல், இன்டெல் 55 பில்லியனைத் தாண்டியிருந்தது. ஏஎம்டி 4 பில்லியனுக்குக் கீழே சரிந்திருந்தது. இந்தப் பிளவுக்குக் காரணங்களுள் ஒன்று போட்டி ஆணையங்களில் விவாதிக்கப்பட்டது. கணினி தயாரிப்பாளர்களுக்கு நிபந்தனையோடு தள்ளுபடி வழங்கி எதிராளியை இன்டெல் ஓரங்கட்டியது என்று கூறி 2009இல் ஐரோப்பிய ஆணையம் 1.06 பில்லியன் யூரோ தண்டம் விதித்தது. அத்தண்டத்தை ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2022இல் நீக்கியதையும், அந்த நீக்கத்தை 2024இல் மேல் நீதிமன்றம் உறுதிசெய்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏஎம்டி தொடுத்த தனி வழக்கை இன்டெல் 2009 நவம்பரில் 1.25 பில்லியன் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. மற்றொரு காரணம் ஏஎம்டியின் சொந்த முடிவுகள். 2006இல் 5.4 பில்லியன் டாலருக்கு ஏடிஐ என்ற வரைகலைச் சில்லு நிறுவனத்தை வாங்கி அது கடனில் விழுந்தது. அதே ஆண்டில் இன்டெல் வெளியிட்ட கோர் 2 அதன் சந்தையை விழுங்கியது. 2011இல் வந்த புல்டோசர் வடிவமைப்பும் கைகொடுக்கவில்லை.

ஆலையைக் கைவிட்டவர், ஆலையைக் கட்டிக்கொண்டவர்

சொந்த ஆலை இல்லாதவன் சில்லுக்காரனே அல்லன் என்பது ஜெர்ரி சாண்டர்ஸ் ஊரறியச் சொல்லிவந்த கொள்கை. அவர் நிறுவிய நிறுவனமே 2009இல் தன் சிலிக்கான் ஆலைகளை அபுதாபி அரசின் முதலீட்டோடு குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது. சில்லை வடிவமைப்பதோடு நிறுத்திக்கொண்டு, பொறிக்கும் வேலையைத் தைவானின் டிஎஸ்எம்சி போன்ற ஒப்பந்த ஆலைகளிடம் விடும் முறை 1987 முதலே வளர்ந்துவந்தது. ஏஎம்டி அதற்கு மாறியது தொலைநோக்கால் என்பதைவிட வறுமையால் என்பதே உண்மைக்கு நெருக்கமானது. கடைசியாக அதன் கையில் எஞ்சியவை பிற்பாதி ஆலைகள் இரண்டு. ஒன்று சீனாவின் சூசோவில், மற்றொன்று பாயான் லெப்பாஸில். 2015 அக்டோபரில் அறிவித்து 2016 ஏப்ரலில் முடித்த பேரத்தில், அவ்விரண்டிலும் 85 விழுக்காட்டுப் பங்கை நாந்தோங் ஃபுஜித்சு மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் என்ற சீன நிறுவனத்துக்கு விற்று, ஏறக்குறைய 371 மில்லியன் டாலரை ஏஎம்டி பெற்றுக்கொண்டது. நாற்பத்து நான்கு ஆண்டு ஏஎம்டியாக இருந்த ஆலையின் பெயர்ப்பலகை டிஎஃப்-ஏஎம்டி ஆயிற்று. இரண்டு ஆலைகளிலுமாக ஏறக்குறைய 1,700 பேர் ஒரு கையெழுத்தில் முதலாளி மாறினர்.

இங்கேதான் ஒப்பீடு கூர்மை அடைகிறது. விற்ற நிறுவனம் எழுந்தது. விற்காத நிறுவனம் சரிந்தது. 2014இல் தலைமை ஏற்ற லிசா சு, எஞ்சிய வளத்தையெல்லாம் ஸென் என்ற ஒரே புதிய வடிவமைப்பில் போட்டார். 2017இல் ரைசன், எப்பிக் என்ற பெயர்களில் அது வந்தது. ஸென்னின் வலிமைக்கு ஒரு காரணம், பெரிய ஒற்றைச் சில்லுக்குப் பதிலாகச் சிறு சில்லுகள் சிலவற்றை ஒரே உறைக்குள் கோத்துவிடும் முறை. சிறு சில்லில் பழுது குறைவு, செலவும் குறைவு. அதே ஆண்டுகளில் இன்டெல், 10 நானோமீட்டர் என்று பெயரிட்ட பொறிப்பு முறையைத் தன் ஆலையில் கைகூட வைக்க முடியாமல் பல ஆண்டு தாமதித்தது. பிறர் ஆலையில் செய்துகொள்ளும் பழக்கம் இல்லாததால், சொந்த ஆலை இடறியபோது நிறுவனம் முழுவதுமே இடறியது. நாற்பது ஆண்டு கவசமாக இருந்த சொந்த ஆலையே இப்போது சுமையாயிற்று. 2021இல் 79 பில்லியன் டாலராக இருந்த இன்டெல்லின் வருவாய் 2024இல் 53 பில்லியனாகக் குறைந்து, அவ்வாண்டில் 18.8 பில்லியன் நட்டம் கண்டது; 2015இல் 4 பில்லியனை எட்டாதிருந்த ஏஎம்டி 2024இல் 25.8 பில்லியன் ஈட்டியது. 2022இல் ஏஎம்டியின் சந்தை மதிப்பு இன்டெல்லை முந்தியது. 2024 நவம்பரில் டவ் ஜோன்ஸ் பட்டியலிலிருந்து இன்டெல் நீக்கப்பட்டு, அந்த இடத்தில் என்விடியா அமர்ந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான சில்லுகளில் என்விடியா எழுப்பிய உயரத்தின் முன்னால் பழைய போட்டியாளர் இருவருமே சிறுத்துத் தோன்றுகின்றனர். ஆனால் அது வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.

பங்குச்சந்தைக் கணக்கு இத்துடன் முடிகிறது: ஏஎம்டி வென்றது, இன்டெல் தோற்றது. பாயான் லெப்பாஸின் கணக்கு அப்படி முடிவதில்லை. தன் வரலாற்றிலேயே மிகக் கடினமான காலத்துக்குள் நுழைந்துகொண்டிருந்த இன்டெல்தான் 2021 டிசம்பரில், பத்தாண்டுகளில் 30 பில்லியன் ரிங்கிட் மலேசியாவில் முதலீடு செய்யப்போவதாக அறிவித்தது. அதன் முதன்மை நோக்கம் பினாங்கில் முன்னேறிய உறையிடல் ஆலை. சில்லின்மேல் சில்லை அடுக்கி, தலைமயிரின் பாதித் தடிப்புக்கும் குறைந்த இடைவெளியில் ஆயிரக்கணக்கான இணைப்புப் புள்ளிகளைப் பதிக்கும் அந்தத் தொழில், 1972இல் உருப்பெருக்கியின்கீழ் தங்க இழை ஒட்டிய வேலையின் நேர் வாரிசு. கூலி குறைந்த பிற்பாதி என்று ஒதுக்கி அனுப்பப்பட்ட வேலையே, சிறு சில்லுகளைக் கோக்கும் காலம் வந்ததும் தொழிலின் நடுமையத்துக்கு வந்துவிட்டது. ஏஎம்டி தன் உறையிடல் ஆலையை விற்ற காலமும் அதன் வடிவமைப்பாளர்கள் உறையிடலையே தங்கள் வலிமையாக்கிக்கொண்ட காலமும் ஒன்றாக அமைந்ததை எண்ணினால், அந்த விற்பனையைப் பாயான் லெப்பாஸ் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு வருத்தம் எழாமல் இருக்காது. ஆயினும் ஆலை மூடப்படவில்லை. ஏஎம்டியின் சில்லு விற்க விற்க டிஎஃப்-ஏஎம்டியும் வளர்ந்து, இரண்டாம் பினாங்குப் பாலத்தின் மறுமுனையான பத்து காவானில் புதிய கட்டடம் எழுப்பியது. கடையில் வாங்கும் ரைசன் நுண்செயலிகள் பலவற்றின் உலோக மூடியில், மலேசியாவில் செய்யப்பட்டது என்ற சிறிய எழுத்துகள் இன்றும் இருக்கின்றன. அந்த ஆலையின் ஆதாயத்தில் பெரும்பங்கு முன்பு கலிபோர்னியாவுக்குப் போனது, இப்போது சீனாவுக்குப் போகிறது. பினாங்குக்கு இரண்டு காலத்திலும் கிடைப்பது சம்பளம்.

சம்பளத்துக்கு மேல் ஊரில் தங்கியது எது என்பதுதான் அடுத்து எழும் கேள்வி. இன்டெல் தன் பினாங்குப் பணியைப் பொருத்தலிலிருந்து சோதனைக்கும், 1990களில் சில்லு வடிவமைப்புக்கும் படிப்படியாக உயர்த்தியது. அண்டை மாநிலமான கெடாவின் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கும் விரிந்தது. உயர்த்தக் காரணமாக இருந்தவர்கள் உள்ளூர்ப் பொறியாளர்கள். வேலையை அனுப்பிய தலைமையகத்திடம், அந்த வேலையைத் தாங்களே இன்னும் மேம்படுத்திச் செய்ய இயலும் என்று காட்டிக் காட்டி ஒவ்வொரு படியாக அவர்கள் வாங்கினார்கள். அவர்களுள் சிலர் வெளியேறித் தொடங்கிய நிறுவனங்களே இன்று பினாங்கின் சொந்தச் செல்வம். இன்டெல்லில் பணியாற்றியவர்கள் 1991இல் தொடங்கியது குளோப்ட்ரோனிக்ஸ். நேஷனல் செமிகண்டக்டரில் பணியாற்றியவர் அதே ஆண்டில் தொடங்கியது பெந்தாமாஸ்டர். ஹியூலெட் பேக்கார்ட் மரபிலிருந்து 2000இல் கிளைத்தது வைட்ராக்ஸ். பன்னாட்டு நிறுவனங்களும் மாநில அரசும் சேர்ந்து 1989இல் நிறுவிய பினாங்குத் திறன் மேம்பாட்டு நிலையத்தில், சந்தையில் மோதிக்கொள்ளும் நிறுவனங்கள் ஒரே பட்டறையில் தொழிலாளர்களைப் பயிற்றுவித்தன. போட்டியாளர்கள் அருகருகே இருந்ததனால் கிடைத்த பயன் இது. ஒன்றே ஒன்று மட்டும் வந்திருந்தால் இந்த மண்ணில் இவ்வளவு தொழிலறிவு தேங்கியிருக்காது.

தேங்கிய அறிவு எல்லோரிடமும் சமமாகத் தேங்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. மேற்சொன்ன உள்ளூர் நிறுவனங்களின் நிறுவனர் வரிசையில் தமிழ்ப் பெயரைக் காண முடியவில்லை. தோட்டத்திலிருந்து ஆலைக்கு வந்த தலைமுறைக்கு மாதச் சம்பளம் கிடைத்தது, பிள்ளைகளைப் படிக்கவைக்க வழி கிடைத்தது. முதல் போடும் வாய்ப்போ வங்கிக் கடனோ கிடைக்கவில்லை. தொழிலாளர் உரிமையிலும் தொழிற்பேட்டை நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. மின்னணுத் தொழிலாளர்கள் தேசிய அளவில் சங்கம் அமைப்பதை அரசு அனுமதிக்கவில்லை. 1988இல் அனுமதி வரும் என்று அறிவித்துவிட்டு, அந்தந்த நிறுவனத்துக்குள் அடங்கிய உட்சங்கம் மட்டுமே என்று சுருக்கிக்கொண்டது. வட்டார அளவிலான சங்கங்கள் பதிவாக மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. இதில் இன்டெல், ஏஎம்டி என்ற வேறுபாடு இல்லை. வளர்ந்த காலத்திலும் தளர்ந்த காலத்திலும் இரண்டும் இதே சூழலின் பயனைப் பெற்றன. இப்போது உற்பத்தி வரிசைகளில் நேப்பாளம், வங்காளதேசம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள் பெருமளவில் நிற்கிறார்கள். 1972இல் தோட்டத்துப் பெண் நின்ற இடம் அது.

நிறுவனத்தின் விதியும் ஊரின் விதியும் எவ்வளவு தளர்வாகக் கட்டப்பட்டவை என்பதற்கு கோஸ்தாரிக்கா சான்று. 1990களின் பிற்பகுதியில் இன்டெல் அங்கே ஆலை அமைத்தபோது அந்நாட்டின் ஏற்றுமதியே தலைகீழாக மாறியது. 2014இல் ஏறக்குறைய 1,500 வேலைகளை ஒழித்து, பொருத்தலையும் சோதனையையும் மலேசியா உள்ளிட்ட ஆசிய ஆலைகளுக்கு நிறுவனம் மாற்றிக்கொண்டது. சில ஆண்டுகளில் மீண்டும் அங்கே திறந்தது. 2025 மார்ச்சில், ஜொகூரின் மூவாரில் பிறந்த லிப்-பு டான் இன்டெல்லின் தலைமை நிர்வாகி ஆனார். ஆகஸ்டில் அமெரிக்க அரசே ஏறக்குறைய பத்து விழுக்காட்டுப் பங்கை எடுத்துக்கொண்டது. இடையில் ஜூலை மாதம், செலவைக் குறைக்கும் திட்டத்தின் பகுதியாக, கோஸ்தாரிக்காவின் பொருத்தல், சோதனைப் பணிகளை வியட்நாமிலும் மலேசியாவிலும் உள்ள பெரிய ஆலைகளோடு இணைக்கப்போவதாக அவர் அறிவித்தார். இன்டெல்லின் நட்டக் கணக்கில் எழுந்த அந்த முடிவு, இரண்டாம் முறையாக, கோஸ்தாரிக்காவின் வேலையைப் பாயான் லெப்பாஸ் இருக்கும் திசைக்கு அனுப்புகிறது.